ஒரு பல்லு இல்லைன்னு அஞ்சு பல்ல ராவணுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 26. ஸ்கூல் படிக்கும்போது கீழ விழுந்து மேல் வரிசையில ஒரு முன்பல்லு உடைஞ்சுடுச்சு, நடுவுல இருக்குற ரெண்டு பெரிய பல்லுக்கு வலது பக்கம் அடுத்த பல்லு. ரூட் கேனல் பண்ணி கேப் போட்டாங்க. 2 வருஷம் முன்னாடி வேர்ல விரிசல்னு சொல்லி அந்த பல்லையே எடுத்துட்டாங்க. அப்போலேருந்து கழட்டி மாட்டுற பல்லு தான். பேசும்போது ஆடுது, சிரிக்கும்போது கை தானா வாய்கிட்ட போயிடுது. இடது பக்கம் அதே இடத்து பல்லு முளைச்சதுலேருந்தே சின்னதா கூம்பா இருக்கும், நடுப்பல்லு ரெண்டுக்கும் நடுவுல லேசா சந்தும் இருக்கு. ஒரு கிளினிக்ல ஸ்மைல் டிசைன்னு சொல்லி மேல மிச்சம் இருக்குற 5 முன்பல்லையும் "லேசா" ராவி, இல்லாத பல்லையும் சேத்து 6 பல்லுக்கு ஜிர்கோனியாங்குற வெள்ளை பீங்கான்ல கேப் போட்டா ஒரே வாரத்துல எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்க. இன்னொரு இடத்துல எலும்பு கம்மியா இருக்கு, எலும்பு வச்சு அப்புறம் இம்ப்ளான்ட் (எலும்புக்குள்ள ஸ்க்ரூ வச்சு அதுமேல பல்லு), ஒரு வருஷம் ஆகும்னு சொல்றாங்க. 5 மாசத்துல எனக்கு கல்யாணம். எது பண்ணட்டும்? பல்ல வெள்ளையாக்கவும் ஆசை. போட்டிருக்குற செட்டு ஒரு தடவ உடைஞ்சு நானே பசை போட்டு ஒட்டி வச்சிருக்கேன், பரவாயில்லையா?

பதில்: முதல்ல நேரா பதில் சொல்லிடறேன்மா, காரணத்த அப்புறம் விளக்கறேன். 5 பல்ல ராவ வேண்டாம். இம்ப்ளான்ட்டையும் கல்யாண தேதிக்கு முன்னாடி எப்படியாவது முடிச்சுடணும்னு ஓட வேண்டாம். ரெண்டு கிளினிக்லயும் சொல்லாத மூணாவது வழி ஒண்ணு இருக்கு, பக்கத்து பல்லு ஒண்ணோட பின்பக்கம் மெல்லிசா ஒரு இறக்கைய ஒட்டி, அந்த இறக்கையிலேருந்து பல்லு நிக்குற மாதிரியான பிரிட்ஜ். இதுக்கு மேரிலேண்ட் பிரிட்ஜ்னு பேரு. நீங்க எழுதியிருக்கறத வச்சு பாத்தா உங்க வாய்க்கு இது தான் முதல்ல யோசிக்க வேண்டியது, ஆனா உங்க கடி எப்படி இருக்குன்னு நேர்ல பாத்தா தான் உறுதியா சொல்ல முடியும், அத பத்தி கீழ சொல்றேன்.

இப்போ அந்த "லேசா ராவி"ங்குற வார்த்தைக்கு வருவோம். முன்பல்லுக்கு முழு கேப் போடணும்னா சுத்தி எல்லா பக்கமும் ஒரு மில்லிமீட்டர்லேருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வரைக்கும், நுனியில அதுக்கு மேலயும் எடுக்கணும். கேக்க கம்மியா தான் இருக்கு. ஆனா முன்பல்லோட சைஸே எவ்வளவுன்னு கண்ணாடியில பாருங்க, நாலு பக்கமும் ஒன்னரை மில்லிமீட்டர் போனா நடுவுல என்ன மிஞ்சும்? ஈறுக்கு வெளிய தெரியற பல்லுல பாதிக்கும் மேல போயிடும், மிச்சம் இருக்கறது ஒரு குச்சி. மேல இருக்குற எனாமல் ஒரு தடவ போனா திரும்ப வளராது, ஏன்னா அத உருவாக்குன செல்லெல்லாம் பல்லு முளைக்கும்போதே போயிடுது. அதுவும் இல்லாம இவ்வளவு ராவுன பல்லுல சிலதுக்கு உள்ள இருக்குற நரம்பு தாங்காம பல மாசம் கழிச்சோ சில வருஷம் கழிச்சோ செத்துப்போகும், அப்போ அந்த புது கேப்லயே ஓட்டை போட்டு ரூட் கேனல் பண்ணணும். உங்களுக்கு தான் ரூட் கேனல் பண்ணின பல்லு கடைசியில எங்க போய் முடிஞ்சுதுன்னு அனுபவமே இருக்கே.

அப்புறம் கேப்புக்கும் ஆயுசு இருக்கு. நல்லா பண்ணின கேப் 10, 15 வருஷம் வரும், சிலருக்கு அதுக்கு மேலயும். உங்களுக்கு 26. அப்போ 40 வயசுல ஒரு தடவ, 55-ல ஒரு தடவ மாத்தணும்னு வச்சுக்கோங்க, ஒவ்வொரு தடவ மாத்தும்போதும் உள்ள இருக்குற பல்லு இன்னும் கொஞ்சம் குறையும். இதெல்லாம் உங்களுக்கு இல்லாத அந்த ஒரு பல்லுக்காகவா? மத்த அஞ்சு பல்லும் சொத்தை இல்லாம, அடைப்பு இல்லாம நல்லா இருக்குற பட்சத்துல, இது நம்ம வீட்டுக்கு ஒரு ஜன்னல் வேணும்னு பக்கத்து வீட்டு சுவரையெல்லாம் இடிக்கிற வேலை.

கேப்பே கூடாதுன்னு நான் சொல்லலம்மா. பக்கத்து பல்லுல ஏற்கனவே பெரிய அடைப்பு இருக்கு, பழைய கேப் இருக்கு, பாதி உடைஞ்சிருக்குன்னா அப்போ அந்த பல்லுக்கு எப்படியும் கேப் வேணும், அதையே தூணா வச்சு பிரிட்ஜ் போடறது நியாயமான வைத்தியம், நானே சொல்லுவேன். உங்க லெட்டர்ல அப்படி எதுவும் இல்ல. ஒரே வாரம்ங்குறது தான் அங்க விலை போகுது.

இப்போ மேரிலேண்ட் பிரிட்ஜ் எப்படி நிக்குதுன்னு கேப்பீங்க. இதுக்கு கொஞ்சம் பழைய கதை சொல்லணும். 1930-கள்ல ஹாலிவுட்ல சார்லஸ் பின்கஸ்னு ஒரு பல் டாக்டர் நடிகர்களுக்கு பல்லு மேல மெல்லிசா ஒரு ஓடு வச்சு விடுவாரு, ஷூட்டிங் முடிஞ்சதும் கழட்டிடணும், ஏன்னா பல்லுல நிலையா ஒட்டுற வித்தை அப்போ யாருக்கும் தெரியாது. 1955-ல மைக்கேல் பூனோகோர்ங்குறவர் எனாமல் மேல கொஞ்சம் ஆசிட் தடவி கழுவினா கண்ணுக்கு தெரியாத குழி குழியா ஆகி பிளாஸ்டிக் பிசின் அதுல நல்லா கவ்வி பிடிக்குதுன்னு காட்டினாரு. இன்னைக்கு முன்பல்லுல பண்ற ஒட்டு வேலை எல்லாத்துக்கும் அது தான் அடிப்படை. 1973-ல ரோஷெட்னு ஒருத்தர் அதே வழியில மெட்டல் தகட்ட பல்லு பின்னாடி ஒட்டினாரு, 80-கள்ல அமெரிக்காவுல மேரிலேண்ட் யுனிவர்சிட்டியில அத மேம்படுத்தினாங்க, அந்த பேரே நின்னுடுச்சு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, ஒட்டு நல்லா பிடிக்கணும்னா எனாமல் வேணும். அதாவது உங்ககிட்ட இப்போ இருக்குற ராவாத பல்லு தான் இந்த வைத்தியத்தோட மூலதனமே. அத ராவி கேப் போட்டுட்டா இந்த வழி நிரந்தரமா மூடிடும்.

முன்னெல்லாம் ரெண்டு பக்கத்து பல்லுலயும் இறக்கை வச்சு ஒட்டுவாங்க, பலமா இருக்கும்னு நினைச்சு. ஆனா பல்லு ஒவ்வொண்ணும் மெல்லும்போது நூலிழை அளவு அசையும், நடுப்பல்லு ஒரு திசையில, கோரைப்பல்லு வேற திசையில, அதுல ஒரு பக்கத்து ஒட்டு மட்டும் விட்டுப்போகும், இன்னொரு பக்கம் பிடிச்சிருக்கறதால பிரிட்ஜ் விழாது, நமக்கு தெரியாது, விட்டுப்போன பக்கத்துல அழுக்கு சேந்து உள்ளுக்குள்ளயே சொத்தை வந்துடும். இப்போ முன்பல்லுக்கு ஒரே இறக்கை போதும்னு ஆயிடுச்சு, அது தான் நல்லாவும் வருது. விட்டுப்போனா மொத்தமா கையில வந்துடும், எடுத்துட்டு போனா சுத்தம் பண்ணி திரும்ப ஒட்டிக்கலாம், பல்லுக்கு சேதம் இல்ல. ஜிர்கோனியாவுல பண்ணினா மெட்டல் மாதிரி பின்னாடியிலேருந்து சாம்பல் நிறம் அடிக்காது. உங்களுக்கு போயிருக்கறது நடுப்பல்லும் இல்ல, கோரைப்பல்லும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற சின்ன வெட்டுப்பல்லு, இந்த வைத்தியத்துக்கு ரொம்ப தோதான இடம் அது.

யாருக்கு சரிவராது? மேல் பல்லு கீழ் பல்ல ரொம்ப ஆழமா மூடுற கடி இருந்தா இறக்கைக்கு இடம் இருக்காது, கீழ் பல்லு நேரா அதுல தான் இடிக்கும். ராத்திரி பல்ல நறநறன்னு கடிக்கிற பழக்கம் இருந்தா ஒட்டு அடிக்கடி விடும், அப்படி இருந்தா ராத்திரி பல்லு மேல மாட்டிக்க ஒரு பாதுகாப்பு உறையும் (நைட் கார்டு) சேத்து செய்யணும். பின்பக்க எனாமல் தேஞ்சு போனவங்க, அடிக்கடி வாந்தி எடுக்குற பிரச்சனை, நெஞ்செரிச்சல்ல ஆசிட் மேல வர பிரச்சனை இருக்குறவங்க, இவங்களுக்கும் யோசிச்சு தான் பண்ணணும். சின்ன வயசுல விழுந்ததுல பக்கத்து பல்லுக்கும் அடி பட்டிருக்கலாம், வலியே இல்லாம உள்ள நரம்பு செத்து பல வருஷம் கழிச்சு எக்ஸ்ரேல தெரியறது உண்டு, அதனால எந்த பல்லுல இறக்கை ஒட்டப்போறோமோ அந்த பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்து நரம்பு உயிரோட இருக்கான்னு டெஸ்ட் பண்ணாம ஆரம்பிக்கவே விடாதீங்க.

இம்ப்ளான்ட் சொன்ன டாக்டர் தப்பா சொல்லலம்மா, அவர் சொன்ன காலக்கணக்கு நேர்மையானது. எலும்பு வச்சா அது பிடிக்க 4லேருந்து 6 மாசம், அப்புறம் டைட்டானியம் ஸ்க்ரூ வச்சு அது எலும்போட ஒட்டி இறுகறதுக்கு 3, 4 மாசம், அதுக்கு மேல ஈறு வடிவம் வர கொஞ்ச நாள், கடைசியில தான் கேப். சுவீடன்ல பிரேன்மார்க்ங்குற டாக்டர் 1965-ல முதல் நோயாளிக்கு வச்சதுலேருந்து இன்னிக்கு வரைக்கும் எலும்பு டைட்டானியத்தோட சேர எடுத்துக்கற காலத்த கொஞ்சம் குறைக்க முடிஞ்சுதே தவிர இல்லாம ஆக்க முடியல.

எலும்பு ஏன் கம்மியாச்சுன்னு கேட்டா, முன்பல்லுக்கு வெளிப்பக்கம் இருக்குற எலும்பு முதல்லேருந்தே காகிதம் மாதிரி மெல்லிசு, நிறைய பேருக்கு ஒரு மில்லிமீட்டர் கூட கிடையாது. அதுக்கு ரத்தம் போறதே பெரும்பாலும் பல்லு வேர சுத்தி இருக்குற ஜவ்வு வழியா தான். பல்ல எடுத்தா ஜவ்வும் போயிடுது, எலும்பு கரைய ஆரம்பிக்குது. முதல் வருஷத்துல அந்த இடத்தோட அகலம் பாதி அளவுக்கு கூட குறையலாம், அதுலயும் பெரும்பகுதி முதல் 3 மாசத்துலயே. உங்களுக்கு 2 வருஷம் ஆச்சு, அதனால ஈறு மேல கை வச்சு பாத்தா உள்ள வாங்கின மாதிரி ஒரு பள்ளம் தட்டுப்படும். நல்ல செய்தி என்னன்னா வேகமா கரைய வேண்டியது கரைஞ்சு முடிஞ்சாச்சு, இனிமே அது மெதுவா தான் போகும், அதனால இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷம் தள்ளிப்போறதால பெருசா நஷ்டம் இல்ல. பல்லு எடுக்கப்போற நிலைமையில இத படிக்கிறவங்க மட்டும், எடுக்கறதுக்கு முன்னாடியே "அடுத்து என்ன வைக்கப்போறோம், எலும்ப காப்பாத்த அன்னைக்கே ஏதாவது போடணுமா"ன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

இன்னொரு கணக்கும் இருக்கு. இம்ப்ளான்ட்டுக்கும் பக்கத்து பல்லு வேருக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டராவது இடம் விடணும். மெல்லிசு இம்ப்ளான்ட்டே 3 மில்லிமீட்டர் சுமாருக்கு வரும், அப்போ 6 மில்லிமீட்டராவது வேணும். சின்ன வெட்டுப்பல்லோட இடம் பொதுவா அந்த அளவுக்கு கிட்டத்தட்ட தான் இருக்கும். 2 வருஷத்துல பக்கத்து பல்லு கொஞ்சம் சாஞ்சிருந்தா வெளிய இடம் இருக்குற மாதிரி தெரியும், உள்ள வேர் ரெண்டும் நெருங்கி நிக்கும். இத சாதா எக்ஸ்ரேல சரியா சொல்ல முடியாது, சிபிசிடின்னு ஒரு 3டி ஸ்கேன் எடுக்கணும். இடம் இல்லைன்னா சில மாசம் கிளிப் போட்டு வேர நிமித்திட்டு தான் இம்ப்ளான்ட். நடுச்சந்த மூடவும் அந்த கிளிப்பே உதவும்ங்கறது உங்களுக்கு ஒரு லாபம், அத கல்யாணத்துக்கு அப்புறம் நிதானமா யோசிக்கலாம்.

அதனால இம்ப்ளான்ட் வேண்டாம்னு சொல்லல, இப்போ வேண்டாம்னு சொல்றேன். மேரிலேண்ட் பிரிட்ஜ் போட்டா இம்ப்ளான்ட் வழி அடைபடாது, நாளைக்கே வேணும்னாலும் அத எடுத்துட்டு இம்ப்ளான்ட்டுக்கு போகலாம். சில பேர் "தற்காலிகம் தானே"ன்னு போட்டுட்டு 10 வருஷம் தாண்டியும் அதுலயே நிம்மதியா இருக்காங்க, அவங்களுக்கு இம்ப்ளான்ட் ஞாபகமே வர்றதில்ல. (18 வயசுக்கு கீழ இருக்குறவங்க யாராவது படிச்சா: உங்களுக்கு இம்ப்ளான்ட் பேச்சே இப்போ வேண்டாம். தாடை வளரும்போது மத்த பல்லெல்லாம் கூட சேந்து கீழ இறங்கும், இம்ப்ளான்ட் வச்ச இடத்துலயே நிக்கும், சில வருஷத்துல அந்த பல்லு மட்டும் குட்டையா தெரியும்.)

இனி சிரிப்பு விஷயம். உங்க மொபைல்ல ஒரு வீடியோ எடுங்க, போட்டோ வேண்டாம், போட்டோன்னா எல்லாரும் உஷாராகி உதட்ட அளவா விரிப்பாங்க. யார்கிட்டயாவது பேசி சிரிக்கிற மாதிரி ஒரு நிமிஷம் எடுத்து, நல்லா சிரிக்கிற இடத்துல நிறுத்தி பாருங்க. மேல் உதடு எவ்வளவு தூரம் தூக்குது? ஈறு தெரியுதா? ஈறு தெரியலைன்னா அந்த பள்ளத்த பத்தி கவலையே படாதீங்க, உதடு மறைச்சுடும், அதுக்காக எந்த ஆபரேஷனும் வேண்டாம். ஈறு நல்லா தெரியுதுன்னா தான் விஷயம் கொஞ்சம் பெருசாகுது, ஏன்னா பள்ளத்துக்கு கீழ வைக்கிற பல்லு நீளமா தெரியும், இல்லைன்னா மேல ஒரு நிழல் விழும், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல கறுப்பா முக்கோணம் தெரியும். அப்போ அண்ணத்துலேருந்து கொஞ்சம் சதை எடுத்து அந்த பள்ளத்துல வச்சு தைக்கலாம், சின்ன ஆபரேஷன் தான், ஆனா ஆறி வடிவம் வர 2, 3 மாசம் வேணும். உங்ககிட்ட 5 மாசம் இருக்கு, வேணும்னா இந்த மாசமே பண்ணிக்கணும், கடைசி மாசத்துல ஈறுல கத்தி வைக்க யார் சொன்னாலும் சம்மதிக்காதீங்க.

நான் கவனிச்ச வரைக்கும் நிறைய பேர் பல்லோட கலர்லயும் வடிவத்துலயும் தான் மனச வைக்கிறாங்க, பொய்ப்பல்லுன்னு காட்டிக்குடுக்கறது பெரும்பாலும் ஈறு தான். பல்லு ஈறுலேருந்து முளைச்சு வர்ற மாதிரி இருக்கணும், மேல ஒட்ட வச்ச மாதிரி இருக்கக்கூடாது. நல்ல டாக்டர் தற்காலிக பல்லால ஈற மெதுவா அழுத்தி அழுத்தி ஒரு குழிவு உண்டாக்கி, அதுக்குள்ள உக்கார்ற மாதிரி கடைசி பல்ல செய்வாரு. ரெண்டு மூணு தடவ போக வேண்டியிருக்கும், சலிச்சுக்காதீங்க.

இடது பக்க கூம்பு பல்லுக்கு ராவவே வேண்டாம். அது ஏற்கனவே சின்னது, அதுமேல காம்போசிட்ட, அதாவது பல்லு நிறத்து பிசின, வச்சு வளத்து வடிவம் குடுக்கலாம், பெரும்பாலும் ஒரே நாள் வேலை, ஊசி கூட தேவைப்படாது. நடுச்சந்தையும் ரெண்டு நடுப்பல்லு ஓரத்துல கொஞ்சம் கொஞ்சம் காம்போசிட் வச்சு மூடிடலாம், ரொம்ப அகலமா இருந்தா மட்டும் வேண்டாம், பல்லு ரெண்டும் சதுரமாயிடும். காம்போசிட் சில வருஷத்துல பளபளப்பு மங்கும், ஓரத்துல கறை ஏறும், நுனி லேசா உடையலாம், பாலிஷ் பண்ணி ஒட்டு போட்டு ஓட்டணும். அது ஒரு குறை தான். ஆனா பிடிக்கலைன்னா எடுத்துட்டா உங்க பழைய பல்லு அப்படியே இருக்கும், கேப்ல அது முடியாது.

அப்புறம் இந்த ரெண்டு பக்கமும் அச்சு எடுத்த மாதிரி ஒரே அளவு வேணும்னு அடம் பிடிக்காதீங்க. நடுப்பல்லவிட பக்கத்து பல்லு நுனி அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் மேல இருந்தா தான் சிரிப்பு இளமையா தெரியும். கோரைப்பல்லு இயற்கையாவே கொஞ்சம் மஞ்சளா தான் இருக்கும். பல்லோட அகலமெல்லாம் ஒரு குறிப்பிட்ட விகிதத்துல இருந்தா தான் அழகு, அது தான் கோல்டன் ரேஷியோன்னு கம்ப்யூட்டர்ல கோடு போட்டு காட்டுவாங்க, அழகான நிஜ பல்லுங்கள அளந்து பாத்தா பெரும்பாலும் அந்த கணக்குல வராது. ஸ்கிரீன்ல வரைஞ்சு காட்டுறது வரைபடம் தான், அதுக்கு பதிலா உங்க பல்லு மேலயே ராவாம தற்காலிக பிசின்ல வடிவம் செஞ்சு மாட்டி காட்ட சொல்லுங்க, மாக்-அப்னு கேட்டா தெரியும். அத போட்டுட்டு பேசுங்க, சிரிங்க, வீட்டுல இருக்குறவங்ககிட்ட காட்டுங்க. இத செஞ்சு காட்ட மாட்டேன், நேரா ராவிடலாம்னு சொல்ற இடத்துல நான் உக்கார மாட்டேன்.

பேசறத சொன்னதால இன்னொண்ணு. பல்லு போனா சொல்லு போச்சுன்னு பெரியவங்க சொன்னதுல முன்பல்லு தான் முதல் குற்றவாளி. "த" சொல்ல நாக்கு நுனி மேல் முன்பல்லு பின்னாடி படணும், "ஃப" சொல்ல கீழுதடு முன்பல்லு நுனியில படணும், "ஸ"வுக்கு காத்து முன்பல்லு வழியா தான் சீறும். கழட்டி மாட்டுற செட்டு அண்ணத்த மூடிக்கிட்டு ஆடிக்கிட்டும் இருந்தா இதெல்லாம் கொழகொழன்னு வரும். ஒட்டின பிரிட்ஜ்ல அண்ணம் காலியா இருக்கும், பின்னாடி ஒரு மெல்லிசு தகடு மட்டும், ஒரு வாரம் பத்து நாள்ல நாக்கு பழகிடும். பல்லு நீளமா இருந்தாலோ ரொம்ப முன்னாடி வந்தாலோ இந்த எழுத்துங்க தான் முதல்ல இடறும், அதனால மாக்-அப் போட்டுக்கிட்டு சத்தமா ஏதாவது படிச்சு பாருங்க.

வெள்ளையாக்கறது. ஆசைப்பட்டா தாராளமா பண்ணுங்க, ஆனா வரிசை முக்கியம், இத தான் நிறைய பேர் தலைகீழா பண்றாங்க. பிளீச்சிங் மருந்து சொந்த பல்லுல மட்டும் தான் வேலை செய்யும், கேப், பிரிட்ஜ், காம்போசிட் எதுவும் ஒரு துளி கூட வெளுக்காது. அதனால பிளீச்சிங் முதல்ல, அதுக்கு ஏத்த கலர்ல பல்லு அப்புறம். பிளீச்சிங் முடிஞ்ச உடனே எதையும் ஒட்டவும் கூடாது, 2 வாரமாவது விடணும், ஏன்னா பல்லுக்குள்ள தங்கியிருக்குற ஆக்ஸிஜன் ஒட்டு பிசின இறுக விடாது, கலரும் அந்த 2 வாரத்துல கொஞ்சம் இறங்கி தான் நிலையாகும். டாக்டர் உங்க வாய்க்கு அளவெடுத்து செஞ்ச ட்ரேல 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல் போட்டு ராத்திரி வச்சுக்கறது ரொம்ப நாளா நல்லா பழகின முறை, பொதுவா 2 வாரம் ஆகும், பல்லு கூசினா ஒருநாள் விட்டு ஒருநாள் வைக்கலாம். கரிப்பொடி, சோடா உப்பு, வெளுக்குற பவுடர்னு வீடியோ பாத்து தேய்க்காதீங்க, அது கறைய மட்டும் இல்ல எனாமலையும் சேத்து தேய்க்கும், அந்த எனாமல் தான் நமக்கு இப்போ வேணும்.

கலர் பாக்கற அன்னைக்கு லிப்ஸ்டிக் போடாம பகல்ல போங்க, ஜன்னல் பக்கத்து வெளிச்சத்துல, வைத்தியம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பாக்க சொல்லுங்க. வாயத் தொறந்து வச்சுக்கிட்டே இருந்தா பல்லு காஞ்சு நிஜத்த விட வெள்ளையா தெரியும், அந்த நேரத்துல கலர் எடுத்தா வந்த பல்லு மட்டும் தனியா மின்னும். இருக்கறதுலயே வெள்ளையான கலர காட்டி இது தான் வேணும்னு கேக்காதீங்க, உங்க கண்ணோட வெள்ளையவிட பல்லு வெள்ளையா இருந்தா பாக்கறவங்க கண்ணு அங்கயே போகும்.

5 மாசத்துக்கு கணக்கு போட்டா இப்படி வரும். இந்த வாரமே ஸ்கேலிங் (பல்லுல படிஞ்ச காரைய எடுத்து சுத்தம் பண்றது), எக்ஸ்ரே, வீடியோ பாத்து ஈறுக்கு ஏதாவது பண்ணணுமான்னு முடிவு. ஈறு வேலை இருந்தா முதல் மாசம், அது ஆறுற நேரத்துல பிளீச்சிங்க டாக்டர் சொல்ற நாள்ல ஆரம்பிச்சுக்கலாம். மூணாவது மாசம் மாக்-அப், நாலாவது மாசம் காம்போசிட்டும் பிரிட்ஜும். கடைசி மாசம் சும்மா விட்டுடுங்க, பழகவும் சின்ன சின்ன திருத்தத்துக்கும் அந்த இடைவெளி வேணும். ஈறு வேலை இல்லைன்னா இது எல்லாமே 2 மாசத்துல முடியுற சமாச்சாரம்.

ஒட்டினதுக்கு அப்புறம் முன்பல்லால நகம் கடிக்கிறது, பாக்கெட் கிழிக்கிறது, கெட்டியா எதையும் நேரா கடிச்சு இழுக்கறது இதெல்லாம் நிறுத்திடணும். பிரிட்ஜ் பல்லுக்கு அடியில தினமும் ஒரு தடவ சூப்பர் ஃப்ளாஸ் விட்டு இழுக்கணும், முனை கெட்டியா இருக்குற நூல் அது, உள்ள நுழைக்க சுலபம். 6 மாசத்துக்கு ஒரு தடவ போய் ஒட்டு சரியா இருக்கான்னு காட்டுங்க.

கடைசியா அந்த பசை. பரவாயில்லையான்னு கேட்டீங்க, பரவாயில்லைன்னு சொல்ல முடியாதும்மா. கடைப் பசை வாய்க்குள்ள போடறதுக்கு செஞ்சது கிடையாது, அதுவும் இல்லாம உடைஞ்ச துண்ட கையால ஒட்டினா அரை மில்லிமீட்டராவது கோணலா தான் உக்காரும், அந்த கோணல் தினமும் பக்கத்து பல்ல தள்ளும், ஈற அறுக்கும், ஆடுதுன்னு சொன்னீங்களே அதுக்கும் இதுவே காரணமா இருக்கலாம். பக்கத்து பல்லு தள்ளிப்போனா நமக்கு வேண்டிய இடம் மாறிடும், அப்போ மேல சொன்ன திட்டமே மாறும். நாளைக்கே ஒரு பல் டாக்டர்கிட்ட குடுத்து ரிப்பேர் பண்ணிக்கோங்க, பெரும்பாலும் ஒருநாள்ல குடுத்துடுவாங்க, பசை ரொம்ப ஊறியிருந்தா புதுசா அளவெடுத்து செஞ்சுக்கறது நல்லது. ராத்திரி கழட்டி சாதா தண்ணியில போட்டு வைங்க, சுடுதண்ணி வேண்டாம், செட்டு செஞ்சிருக்குற அக்ரிலிக் பிளாஸ்டிக் வளைஞ்சுடும். பேஸ்ட் போட்டு தேய்க்காம சோப்பும் மெத்துன்னு இருக்குற பிரஷ்ஷும் போதும். புது பிரிட்ஜ் ஒட்டின பிறகும் இந்த செட்ட தூக்கிப் போட்டுடாதீங்க, என்னைக்காவது ஒட்டு விட்டுப்போனா டாக்டர பாக்குற வரைக்கும் உதவும், கல்யாணத்துக்கு வெளியூர் போறீங்கன்னா அத டப்பாவுல போட்டு கைப்பையிலயே வச்சுக்கோங்க.